ஊர்ப் பாட்டைப் பதிவு செய்யக் கிளம்புகிறவர்களுக்கு

ஊரில் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் பாட்டைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அந்த ஆசையில்தான் கிளம்பினேன். கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை. 35,000 ரூபாய்க்கு மேல் பிரயோஜனம் இல்லாமல் போனது. பதிவு செய்ததில் ஒரு பெரும்பகுதி இன்று என்னிடம் இல்லை, அதில் சில குரல்களை இனி எங்கே போனாலும் கேட்க முடியாது. இன்னொருவர் இதே பாதையில் போகும்போது கொஞ்சம் குறைவாக இழக்கட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கரிசல் காடு, தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கு ஓரம். அங்கே ஒரு பெரியவர் இருந்தார், ஊரில் எல்லாருக்கும் அவர் 'ரேடியோ'. காரணம் கேட்கவே வேண்டாம், காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி கட்டிலில் சாயும்வரை ஏதாவது ஒரு பாட்டு வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் எப்போதும் ஒரு குடை, மழையிலும் விரிக்க மாட்டார், வெயிலிலும் விரிக்க மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் பாதி நேரம் பதில் பாட்டாகத்தான் வரும். சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் 'ஒரு மாதிரி' என்று ஒதுங்குவார்கள். ஆனால் கமலை இறைத்த காலத்துப் பாட்டு முழுசாகத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து எங்கள் சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். கமலை பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிணற்றுமேட்டிலிருந்து சரிவாக இறங்கும் பாதையில் இரண்டு மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு போகும், கூனை என்ற பெரிய வாளியில் தண்ணீர் மேலே வரும், அப்புறம் மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்குத் திரும்பும், கூனை மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். இதையே விடியற்காலையிலிருந்து செய்ய வேண்டும். பாட்டில்லாமல் அந்த வேலை நகராது. பம்ப்செட் வந்த பிறகு வேலை போனது, கூடவே பாட்டும் போனது.

முதலில் நல்ல தரத்தில் பதிய வேண்டும் என்று பக்கத்து நகரத்தில் ஒரு ஸ்டூடியோவைப் பேசினேன். ஸ்டூடியோ வாடகை, கார், சாப்பாடு, கூட உடுக்கை அடிக்க ஒருவர் என்று எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். குளிரூட்டிய அறை, நாற்காலி, முகத்துக்கு நேரே மைக், காதில் ஹெட்போன். தாத்தா இரண்டு வரி பாடினார், நிறுத்திவிட்டார். மறுபடி இரண்டு வரி, மறுபடி நிறுத்தினார். தாளம் விலகுகிறது என்று அங்கிருந்தவர் ஹெட்போனில் 'டிக் டிக்' என்று ஒரு ஓசையை விட்டார், அதோடு தாத்தா ஹெட்போனையே கழற்றி வைத்துவிட்டார். "நாற்காலியில உக்காந்துக்கிட்டா மாடு எப்படிய்யா பின்னால வரும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை, பிடிவாதம் என்றுதான் பட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் காரில் அவர் வாய் ஓயாமல் பாடிக்கொண்டு வந்தார், நான் வயிற்றெரிச்சலோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சில வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களத்தில் நடந்துகொண்டே பாடுவதைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முன்னால் நடக்கும்போது வரி நீளமாக இழுபடும், அது மாடு இறங்கும் நேரம். திரும்பிப் பின்னால் நடக்கும்போது வரி குட்டையாகித் துண்டு துண்டாக வரும், அது மாடு பின்னால் ஏறும் நேரம். எத்தனை கூனை ஆயிற்று என்ற கணக்கும் வரிக்குள்ளேயே இருக்கிறது. அந்த மனிதர் உடம்பில்தான் அந்தப் பாட்டு இருந்தது, காலை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். நடவுப் பாட்டும் ஏறக்குறைய இதே கதைதான், குனிந்து நாற்றை ஊன்றுகிற கை அசைவோடு பாடிப் பழகியவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் பாடவைத்தால் அடுத்த அடி வராது. அதனால் தொழிற்பாட்டு பதிகிறவர்கள் ஸ்டூடியோவுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அந்த வேலையையோ, வேலை போன்ற அசைவையோ செய்யவிட்டுப் பதியுங்கள். நடக்கிறவருக்குச் சட்டையில் குத்தும் காலர் மைக்தான் சரி, ஒரே இடத்தில் நட்டுவைத்த மைக்கில் குரல் வரும், போகும். நான் அப்படித்தான் பிறகு பதிந்தேன், அந்தப் பதிவில் மண்ணில் கால் உரசும் சத்தமும் சேர்ந்து வந்தது, அதை நீக்க எனக்கு மனமே வரவில்லை.

தாத்தாவிடம் இன்னும் இரண்டு வழக்கங்கள் இருந்தன, இரண்டும் முதலில் எரிச்சலூட்டியவை. ஒன்று, நாம் ஒரு பாட்டுப் பாடினால்தான் அவர் ஒரு பாட்டுப் பாடுவார். எனக்குத் தெரிந்த தாலாட்டை எடுத்துவிட்டேன், அதைக் கேட்டதும் "இது உங்க அம்மாச்சி ஊர்ப் பாட்டுல்லா, எங்க பக்கம் வேற மாதிரி வரும்" என்று ஆரம்பித்து நான் கேள்விப்பட்டே இராத நாலைந்து தாலாட்டுகளைக் கொட்டினார். நேரடியாக 'தாலாட்டு தெரியுமா தாத்தா' என்று கேட்டிருந்தால் 'அது பொம்பளைங்க பாட்டு' என்று முடித்திருப்பார். பாடுகிறவர்களிடம் பட்டியல் வைத்துக் கேட்காதீர்கள். ஒரு பாட்டுத்தான் இன்னொரு பாட்டை வெளியே இழுக்கும். இரண்டாவது வழக்கம், ஒருமுறை பாடியதை அன்றைக்கு மறுபடி பாட மாட்டார். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளில் பதிவதைப் பழக்கமாக்கினேன், ஒன்று ரெக்கார்டர், இன்னொன்று பக்கத்தில் போன். போனை ஏரோப்பிளேன் மோடில் போட மறக்கக் கூடாது, பாதியில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். போனில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். அது பேச்சுக்காகச் செய்தது, உடுக்கையின் அதிர்வையும் இழுத்துப் பாடும் நீண்ட சுரத்தையும் இரைச்சல் என்று நினைத்து அரித்துவிடும். சத்த அளவை மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வைத்தால் போதும். பறை, உறுமி, உடுக்கை எல்லாம் திடீரென்று ஏறும், உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒப்பாரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் பணம் போகவில்லை, ஆனால் மனதளவில் எனக்கு மிகவும் கனத்த நாள் அதுதான். பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் ஒப்பாரியில் பேர்போனவர், சுற்றுப்பட்டு ஊர்களில் துட்டி, அதாவது சாவு, விழுந்தால் அவரைக் கூட்டிப் போவார்கள். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. "வீட்டுக்குள்ள வச்சு அதப் பாடக்கூடாதுய்யா, வீட்டுக்கு ஆகாது" என்றார். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவை அழைப்பது போல என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு, அதைத் தர்க்கம் பேசி மாற்ற நினைப்பது அந்த மனுஷிக்குச் செய்யும் அநியாயம். கண்மாய்க் கரைக்குப் போனோம். அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போனது, அடர்ந்த முடிவைத்த காற்றுத்தடுப்பு உறை மைக்கில் மாட்டியிருந்ததால் தப்பித்தேன், சும்மா ஸ்பாஞ்ச் உறை அந்தக் காற்றுக்குத் தாங்காது. ஆச்சி பொதுவாக ஏதோ பாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இறந்துபோன தன் மகனுக்குப் பாடினார். சின்ன வயதில் என்ன சாப்பிட்டான், எந்த மரத்தில் ஏறினான், எந்த நாள் கிளம்பிப் போனான் என்று ஒவ்வொன்றாக வந்தது. பாதியில் பாட்டு அழுகையானது, அழுகை பாட்டானது, எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. நிறுத்தவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை, கை நடுங்கியது. தனியாகப் போயிருந்தேன், அவரைத் தாங்கிப் பிடிக்கக்கூட முறையுள்ள இன்னொரு பெண் அங்கே இல்லை.

துட்டி வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டுத்தான் பாடுவார்கள், ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுப்பாள். அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிற ஏற்பாடு அது, தனி ஆளை உட்காரவைத்துப் பாடச் சொன்னால் முழுப் பாரமும் ஒரு நெஞ்சில் விழுகிறது. அதனால் ஒப்பாரி பதிவதென்றால் அவரோடு எப்போதும் சேர்ந்து பாடுகிற ஒரு தோழியாவது கூட இருக்கட்டும். முதல் சந்திப்பிலேயே கேட்காதீர்கள், வேறு பாட்டெல்லாம் பாடிப் பழகிய பிறகு அவர்களாக எடுக்கும்போது பதியுங்கள். இன்னொருமுறை பாடுங்கள் என்று எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள். ஒப்பாரியில் உண்மையான குடும்பங்களின் பேர், சண்டை, சொத்துக் கதை எல்லாம் வரும், அதை வெளியே போடுவதற்கு முன் அவர்களிடமும் வீட்டாரிடமும் போட்டுக்காட்டிக் கேட்க வேண்டும். அந்தக் கண்மாய்க் கரைப் பதிவை நான் யாருக்கும் கொடுக்கவில்லை, ஆச்சி கேட்டபடி அவர் பேத்தியிடம் மட்டும் ஒரு பிரதி இருக்கிறது.

கோயில் கொடையில், அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கும் திருவிழாவில், வில்லுப்பாட்டு பதிவது வேறு உலகம். அங்கே நீங்கள் சம்பாதித்துக்கொள்ள வேண்டிய முதல் நட்பு மைக்செட்காரர். எங்கள் கொடைக்கு வரும் மைக்செட்காரர் தனி ரகம். குழாய் ஸ்பீக்கர் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதில் ஊர்த் தலைவரோடுகூடச் சண்டை போடுவார், அவர் மிக்ஸரை யாரும் தொடக்கூடாது, பேசுவதே மைக்கில்தான் பேசுவார். மத்தியானமே போய் ஏணி பிடித்து வயர் சுற்றிக் கொடுத்த பிறகு அவராகவே மிக்ஸரிலிருந்து ஒரு வயரை எடுத்து என் ரெக்கார்டருக்குக் கொடுத்தார். அந்த வயரைச் செருகும்போது ரெக்கார்டரில் லைன் என்று மாற்றிவைக்க வேண்டும், மைக் என்று இருந்தால் ஒலி முழுதும் கரகரத்துப் போகும். இன்னொன்று, மிக்ஸரிலிருந்து புலவர் என்று சொல்லப்படும் தலைமைப் பாடகர் குரல் மட்டும்தான் தெளிவாக வரும். வில்லில் கட்டிய மணிகள், வில்லைத் தட்டும் வீசுகோல் படும் நாதம், குடத்தின் அடி எல்லாம் மைக்குக்குள் போவதே குறைவு. எனவே இன்னொரு ரெக்கார்டரைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். நடுச்சாமத்தில் சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில் பாட்டு வேகமெடுக்கும், கூட்டம் எழும், ஸ்டாண்டைத் தட்டிவிடும். அந்த நேரம் போட்டோ ஆசையில் எழுந்து போகாமல் மைக் பக்கத்திலேயே இருங்கள். குழுவுக்குப் பணம் கொடுப்பதென்றால் முன்கூட்டியே, வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுங்கள், அதுதான் அவர்களுக்கு மரியாதை. முடிந்த பிறகு சட்டைப் பையில் திணிப்பது யாருக்கும் பிடிப்பதில்லை.

இனி ஹார்ட் டிஸ்க். இதைப் பற்றி நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. பதிவு எல்லாம் ஒரே வெளி டிஸ்க்கில் இருந்தன, அது மேஜையிலிருந்து விழுந்தது. மறுபடி செருகியபோது உள்ளேயிருந்து 'டக் டக்' என்று சத்தம். தெரிந்தவர்கள் சொன்ன யோசனையையெல்லாம் செய்து பார்த்தேன், வேறு வயர், வேறு கம்ப்யூட்டர், ஏதேதோ மென்பொருள். அந்தச் சத்தம் வந்தால் தகட்டின் மேல் ஓடும் தலைப்பகுதி அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம், மின்சாரம் கொடுக்கக் கொடுக்கத் தகடு கீறிக்கொண்டே போகும் என்று பிறகுதான் தெரிந்தது. சத்தம் கேட்ட உடனே கழற்றி வைத்துவிடுவது ஒன்றுதான் செய்யக்கூடியது. மீட்டெடுக்கும் நிறுவனம் ஒன்று பார்ப்பதற்கு மட்டும் 5,000, வேலைக்கு 19,000 என்று வாங்கியது, திரும்ப வந்தது பாதிக்கும் குறைவு, அதிலும் கோப்புகளின் பேர்கள் போய் வெறும் எண்களாக வந்தன. எது யார் பாட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. டிஸ்க் விழுவதற்கு முன்பே ரேடியோ தாத்தா காலமாகிவிட்டார். அவருடைய கமலைப் பாட்டு முழுப் பதிவு எனக்குக் கிடைத்த ஒரே காரணம், அதை அவர் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பியிருந்தேன். சாதாரண வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பியிருந்தால் ஒலி சுருங்கியிருக்கும், டாக்குமென்டாகப் போனதால் அப்படியே இருந்தது.

அதனால் பதிந்த ராத்திரியே, எவ்வளவு தூக்கம் வந்தாலும், மூன்று பிரதி: லேப்டாப்பில் ஒன்று, தனி டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று, அது கிளவுடாகவும் இருக்கலாம், வேறு ஊரிலிருக்கும் உறவினர் வீட்டு டிஸ்க்காகவும் இருக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதிந்தால் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும், இன்றைக்கு அது பெரிய இடமே இல்லை. பாடியவர் வீட்டுக்கும் எப்போதும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், அது அவர்களுக்கு உரியது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், ஊர், பாடுகிறவர் பேர், வயது, யாரிடம் கற்றார் என்பதை அவர்கள் குரலிலேயே சொல்லவையுங்கள். கோப்பின் பேர் அழிந்தாலும் அது அழியாது. இதை நான் செய்திருந்த பதிவுகளைத்தான் எண்களிலிருந்து சீக்கிரம் பிரிக்க முடிந்தது.

யூடியூபில் ஏற்றுவதிலும் ஒரு தொல்லை உண்டு. நான் பதிந்த ஒரு தாலாட்டுக்கு ஒரு இசை நிறுவனத்தின் பேரில் உரிமைக் கோரிக்கை வந்தது, அதே மெட்டை வைத்து அவர்கள் வெளியிட்ட பாட்டு ஒன்று இருக்கிறது. மெட்டு யாருடையதும் இல்லை, தலைமுறையாக வருவது என்று விளக்கி மறுப்பு அனுப்பினேன். மறுப்பு அனுப்பினால் அவர்கள் பதில் சொல்ல 30 நாள் அவகாசம், பதில் வராவிட்டால் கோரிக்கை தானாகக் காலாவதியாகும். எனக்கு அப்படித்தான் தீர்ந்தது. பயந்து நீக்கிவிடாதீர்கள். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு: மரபுப் பாட்டுக்கு உரிமையாளர் இல்லை என்றாலும், அதைப் பாடியவருக்குத் தன் பாட்டின் மீது உரிமை உண்டு. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று 50 ஆண்டுகளுக்கு அது இருக்கிறது. அதனால் 'இதை இன்ன இடத்தில் போடலாமா, பணம் வந்தால் எப்படிப் பிரிக்கலாம்' என்று கேட்டு, அவர்கள் சம்மதம் சொல்வதையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சந்தேகமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, கேட்டதற்காகச் சந்தோஷப்பட்டவர்கள்தான் அதிகம். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து போன்றவற்றில் தொழிலாகவே இருப்பவர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. உறுப்பினராகாதவர்களுக்கு நீங்கள் எடுத்த வீடியோ, கொடை நோட்டீஸ், போட்டோ எல்லாம் விண்ணப்பத்தோடு வைக்க உதவும், பிரதி போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எழுதி எடுப்பதை அன்றன்றே செய்யுங்கள். வட்டார வார்த்தை, பயிர் பேர், மாட்டுச் சுழிப் பேர் எல்லாம் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதிவில் வெறும் ஓசையாகத்தான் கேட்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கமாட்டார். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஊர் ஊராகத் திரட்டிய பாட்டுகளைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 1958ல் தஞ்சை சரஸ்வதி மகால் வெளியிட்டது, ஆய்வாளர் நா.வானமாமலையின் நாட்டுப்பாடல் தொகுப்பும் நம் கையில் இருக்கிறது. அவற்றில் வார்த்தை இருக்கிறது, படிக்கும்போது எந்த மெட்டு என்று தெரியாமல் தவிக்கிறோம். நம்மிடம் ஒலி இருக்கிறது, வார்த்தையைத் தவறவிட்டால் நமக்குப் பின்னால் வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் இருந்து தவிப்பார்கள்.

கடைசியாக, வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு. கொடை, கல்யாணம், துட்டி என்று 80களிலும் 90களிலும் டேப்ரெக்கார்டரில் பதிந்த கேசட்டுகள் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. எடுத்தவுடன் பழைய பிளேயரில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், டேப் சுற்றிக்கொண்டு அறுந்துவிடலாம். பூஞ்சை பிடித்திருந்தால் தொடவே வேண்டாம், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கும் கேசட்டுகளுக்கு, தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்த ஒரு நல்ல டெக்கில், முதலில் முக்கியமில்லாத கேசட் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் போட்டு ஒரே ஓட்டத்தில் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். பதிந்ததை யாராவது அழித்துவிடாமல் இருக்க, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழையும் முதலில் உடைத்துவிடுங்கள்.